நெட்டுருவா, கணக்கறிவா?

நாஞ்சில் நாட்டார்க்குக் கணக்கு வராது என்று எவரேனும் சொல்வாராயின், அவர் அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளை அறியாதவர். கவிமணி தேசிகவிநாயகனார் தேடியெடுத்து ஆராய்ந்த அவ்வோலைகளில் நிலவிலையும் ஒற்றியும் வரியும் எழுதப்பட்டுள்ளன. முந்திரி என முந்நூற்றிருபதில் ஒரு பங்குக்கும் பெயர் வைத்துக் கணக்கிட்ட இனம் இது. அவ்வினத்துப் பிள்ளைகள் இன்று பட்டயக் கணக்காளர் தேர்வின் வாயிலில் நின்று கலங்குகின்றனர். தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களின் சிற்றூர்களிலிருந்து, பன்னிரண்டாம் வகுப்புவரை கணக்குப்பதிவியலைத் தமிழிற் கற்று நன்மதிப்பெண்ணோடு தேறி வருவோர், அடிப்படைத் தேர்வில் இருமுறை தோற்றதும் 'இது நம் மூளைக்கு எட்டாது' என்று ஒதுங்கிவிடுகின்றனர். மூளையிற் குறையொன்றுமில்லை. குறை பயிலும் முறையில் ஒன்று. தேர்வு நடத்துவோரிடத்தில் மற்றொன்று.

முதலாவதை முதலிற் பார்ப்போம். அது நம் கையில் இருப்பது. பழைய வினாத்தாள்களும் அவற்றின் விடைகளும் மாதிரித் தாள்களும் தேர்வுக் கழகத்தாராலேயே கட்டணமின்றி வெளியிடப்படுகின்றன. பயிற்சி வினாக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மாணவர் செய்வது என்ன? வினாவைப் படித்தவுடன் விடையைப் புரட்டுகின்றனர். 'இது தெரிந்ததுதான்' என்று தலையசைத்து அடுத்ததற்குச் செல்கின்றனர். ஐந்நூறு வினாக்களை இவ்வாறு 'முடித்தவர்' ஒரு வினாவையும் தாமே செய்திருக்கமாட்டார். நீந்துவோரைக் கரையிலிருந்து பார்த்தவன் நீச்சல் கற்றவனாவானா?

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு வணிகரின் பண ஏட்டின்படி வைப்பகத்தில் (வங்கியில்) உள்ள இருப்பு உருபா 12,000. அவர் பிறர்க்கு வழங்கியும் இன்னும் பணமாக்கப்படாத காசோலை 3,000. அவர் வைப்பகத்தில் இட்டும் இன்னும் வரவு வைக்கப்படாத காசோலை 2,000. வைப்பகத்தின் ஏட்டில் இருப்பு எவ்வளவு? மூவாயிரத்தைக் கூட்டி இரண்டாயிரத்தைக் கழிக்க 13,000 வரும். இதை நெட்டுருப் போட்டவர், 'வழங்கியதைக் கூட்டு, இட்டதைக் கழி' என்று மட்டும் மனத்தில் இருத்திக்கொள்கிறார். தேர்வில் வினா தலைகீழாக வருகிறது: வைப்பக ஏட்டின்படி 13,000, வணிகரின் ஏட்டில் எவ்வளவு? நெட்டுரு மாணவர் அதே வழியிற் சென்று 14,000 என்று எழுதுகிறார். சரியான விடை 12,000. எந்த ஏட்டில் எது இன்னும் பதியப்படவில்லை என்று ஒரு நொடி எண்ணியிருந்தால் இவ்விழுக்கு நேர்ந்திராது. ஆகவே ஒரு வினாவைச் செய்து முடித்தபின் அதையே திருப்பிக் கேட்டுப் பார்ப்பது, புதிதாகப் பத்து வினாக்களைப் படிப்பதினும் பயன் தரும்.

அடுத்தது பிழையேடு. தவறிய வினா ஒவ்வொன்றையும் ஒரு தனிச் சுவடியிற் குறித்து, எதனால் தவறியது என்று தமிழில் ஒரே வரி எழுதவேண்டும். கருத்து விளங்காமையா, வினாவின் ஆங்கிலம் விளங்காமையா, கூட்டற் பிழையா, நேரமின்மையா? இவ்வாறு பிரித்தெழுதினால்தான் மருந்து எதற்கென்று தெரியும். அவ்வினாவை மூன்று நாள் கழித்தும், பின் இரு கிழமை கழித்தும் விடை பாராது மீண்டும் செய்தல் வேண்டும். நேரமும் அளக்கப்படவேண்டும். மூன்று மணி நேரத்தில் நூறு மதிப்பெண் என்றால், பத்து மதிப்பெண் வினாவிற்குப் பதினெட்டு நிமையங்களே உள்ளன. அடிப்படைத் தேர்வின் நான்கு தாள்களுள் இரண்டு, விடையைத் தெரிந்தெடுக்கும் வகையின; அவற்றில் ஒவ்வொரு தவறான விடைக்கும் அதன் மதிப்பெண்ணிற் காற்பங்கு கழிக்கப்படும். குருட்டாம்போக்கில் குறிக்கும் பழக்கத்தைப் பயிற்சியிலேயே விட்டொழித்தல் நன்று.

தனியே பயில்வதும் போதாது. ஆசிரியரிடம் கேட்பதால் புலமையிற் காற்கூறே வாய்க்கும் என்றும், உடன்பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்கூறும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும் என்றும் நன்னூலார் வகுத்துவைத்தார். நால்வர் கூடி, ஒருவர் செய்த கணக்கை மற்றவர்க்குத் தமிழில் விளக்கட்டும். பற்று, வரவு, பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம் என்று நம் பள்ளிப் பொத்தகங்களில் உள்ள சொற்கள் பொருள் காட்டும் சொற்கள். வைப்பகத்தில் இட்ட பணம் நம் ஏட்டிற் பற்று. அவர் ஏட்டில் வரவு. இதைத் தமிழில் உணர்ந்தவன் ஆங்கிலப் பெயரைப் பின்னர் ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்வான். ஆங்கிலப் பெயரோடு தொடங்கியவன் பொருளை ஆண்டுக்கணக்கில் தேடுகிறான்.

இனி இரண்டாவது குறை. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பட்டயக் கணக்காளர் கழகத்தின் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், இந்தியிலும் எழுதலாம். தமிழில் எழுத இயலாது! இந்திக்காரன் பிள்ளை தன் தாய்மொழியில் எண்ணி, தன் தாய்மொழியில் எழுதுகிறான். தமிழன் பிள்ளையோ எண்ணியதை மொழிபெயர்த்து எழுதவேண்டியவனாகிறான். அதே பதினெட்டு நிமையத்தில்! இந்தியிற் கணக்கெழுத இயலுமெனில், காரிநாயனாரின் கணக்கதிகாரம் தோன்றிய மொழியில் இயலாதா? பொன்னுக்கும் நெல்லுக்கும் நிலத்திற்கும் பயிற்சிக் கணக்குகளை அன்றே வகுத்த நூல் அது. தமிழ் ஆட்சியும் தமிழ்க் கல்வியும் வேண்டுமென்று போராடிக் குருதி சிந்தி, 1956 நவம்பர் 1-இல் தாய்த்தமிழகத்தோடு இணைந்த மண் இது. அம்மண்ணின் மக்கள் இவ்வோரவஞ்சனையைப் பொறுத்திருப்பது வியப்பே.

தமிழிலும் தேர்வு வேண்டும் என்னும் கோரிக்கை ஊர்தோறும், கல்லூரிதோறும் தீர்மானமாகி நடுவணரசுக்கும் கழகத்திற்கும் செல்லவேண்டும். தமிழக அரசு அதை முன்னின்று வலியுறுத்தவேண்டும். அதுவரை, நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் தொழில் நடத்தும் தமிழ்க் கணக்காளர்கள் திங்களுக்கு ஒரு ஞாயிறு ஒதுக்கி, வெளிவந்த வினாத்தாள்களுள் ஒன்றைத் தமிழ் விளக்கத்தோடு அச்சிட்டுத் தரலாம். 2024 முதல் அடிப்படைத் தேர்வு ஆண்டுக்கு மும்முறை நடைபெறலாயிற்று. முதல் தாளை அடுத்த தேர்வுக்கு முன்பே கொண்டுவர முடியும்.