பிரெஞ்சு படித்து என்ன பயன்?

சென்ற கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறோம். கிரிவலப் பாதையோரம் வயது முதிர்ந்த பிரெஞ்சு அம்மையார் ஒருவர் கையில் விரித்த புத்தகத்துடன் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் நால்வர். உடன் எங்களுள் ஒருத்தியின் அக்காள். அவள் வெளியூர்ப் பள்ளியொன்றின் மேல்நிலை வகுப்பில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சை எடுத்து, நூற்றுக்கு ஓரிரண்டே குறைவாக மதிப்பெண் வாங்கியவள். “நீ பேசு அக்கா” என்று அவளை முன்னே தள்ளினோம். அக்காள் “பொன்ழூர்” என்றாள். அம்மையாருக்கு ஒரே மகிழ்ச்சி! மடமடவென்று பேசத் தொடங்கிவிட்டார். அக்காள் திருதிருவென்று விழித்தாள். கடைசியில் அம்மையார் புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பி, ஒரு படத்தின்மேல் விரலை வைத்தார். நம் கோயில் கோபுரம்! படத்தின் கீழிருந்த வரிகளை அக்காள் எழுத்துக் கூட்டி வாசித்தாளேயன்றி, பொருள் சொல்ல அவளால் இயலவில்லை. நம் ஊரைப் பற்றிய புத்தகம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் ஐவருக்கும் அதில் ஒரு வரி விளங்கவில்லை.

அன்றிரவு அக்காள் சாப்பிடவில்லையாம். அவளைக் குறை கூற நாங்கள் இதை எழுதவில்லை. மதிப்பெண்ணுக்காக ஒரு மொழியை எடு, இரண்டாண்டு மனப்பாடம் செய், தேர்வு முடிந்ததும் மறந்துவிடு என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் பெரியவர்களே அன்றோ? தமிழையும் விட்டு, பிரெஞ்சையும் பெறாமல் நிற்கும் நிலை இப்படித்தான் வருகிறது.

ஆனால் அந்த நிகழ்ச்சிக்குப் பின் நாங்கள் விசாரித்து அறிந்த செய்திகள் எங்களை வியக்க வைத்தன. தூரக் கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளி என்னும் நிறுவனம் நம் திருவண்ணாமலையைப் பற்றியே பல தொகுதிகள் கொண்ட பெரும் ஆய்வொன்றை வெளியிட்டிருக்கிறது. கோயிலுக்கும் ஊரிலுள்ள சமூகங்களுக்கும் உள்ள உறவை ஆராய்ந்து மரி-லூயிஸ் ரெனிஷ் என்ற பெண்மணி எழுதிய தொகுதி 1989இல் வந்தது. 1990இல் வந்த தொகுதி ஒன்றின் தலைப்பே ‘நகரம்’ என்பதுதான். அதாவது நாம் நாள்தோறும் சைக்கிளில் போய்வரும் தெருக்களும் கடைவீதியும் பாரிஸில் அச்சாகிவிட்டன, பிரெஞ்சு மொழியில்!

பிரெஞ்சுத் துறவி ஹென்றி லெ சோ, இரமண மகரிஷியைக் காண 1949இல் இங்கு வந்தார். பின்னர் இம்மலைக் குகைகளில் பலமுறை தங்கினார். அபிஷிக்தானந்தர் என்று பெயர் பூண்ட அக்கத்தோலிக்கக் குருவானவரின் அருணாசல நினைவுகள், அவர் மறைந்து ஐந்தாண்டுகள் கழித்து 1978இல் பிரெஞ்சில் நூலாயின. நம் பாட்டிமார் கண்ட ஊர் அந்நூலில் இருக்கிறது.

இவற்றையெல்லாம்விட எங்கள் நெஞ்சைத் தொட்டது வீரம்மாவின் கதை. புதுச்சேரிக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த, ஒடுக்கப்பட்ட குலத்தைச் சேர்ந்த கூலிப் பெண் அவர். வயல்வேலை செய்தவர், பிரசவம் பார்த்தவர், பாட்டுக் கட்டிப் பாடுவதில் வல்லவர். அவர் தம் வாழ்க்கை முழுவதையும் தமிழில் சொல்ல, ஜோசியான் ரசின் ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பதிவு செய்தார். அது 1995இல் பாரிஸில் பிரெஞ்சு நூலாக வந்தது. இரண்டாண்டுகள் கழித்து ஆங்கிலத்தில் வந்தது. ஆங்கிலம் தெரிந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு இதுவே எங்கள் விடை. ஒரு தமிழ்த்தாய் தமிழில் சொன்னது பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய், மூன்றாம் கையாக நம்மிடம் வருகிறது. அவர் வயலில் பாடிய பாட்டு இத்தனை படி ஏறி இறங்கிய பிறகு என்ன ஆகியிருக்கும்?

இப்படி இன்னும் உண்டு. தமிழகத்து மக்கள்தொகை ஒரு நூற்றாண்டில் எப்படி மாறிற்று என்று கிறிஸ்தோப் கில்மொத்தோ 1992இல் எழுதிய நூல் பிரெஞ்சு. பிறக்க வேண்டிய பெண் குழந்தைகள் ஏன் குறைகின்றனர் என்று பின்னாளில் ஆராய்ந்தவரும் அவரே. நம் அன்னையர் குழுவில் வாங்கித் தவணை கட்டும் சிறுகடன் அவர்களை உயர்த்துகிறதா, மேலும் கடனில் ஆழ்த்துகிறதா என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆராய்ந்த இசபெல் கெரான் 2015இல் எழுதிய நூலும் பிரெஞ்சுதான். நம் வீட்டுச் சமையலறைக் கணக்கை அங்கே படிக்கிறார்கள். அது சரியா தவறா என்று நாம் மறுமொழி சொல்ல வேண்டாமா? படித்தால்தானே சொல்ல முடியும்?

முன்னொரு காலத்தில் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. துய்ப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில், புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்களின் நடை, உடை, சண்டை, சூழ்ச்சி அனைத்தையும் தமிழில் பதித்து வைத்தார். அவர்களை நாம் எழுதினோம். இன்று நம்மை அவர்கள் எழுதுகிறார்கள்.

ஆகவே பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சை உயர்நிலையில் பயில விரும்பும் பெண்ணை நாம் தடுக்கலாகாது என்பதே எங்கள் கருத்து. உயர்நிலை என்று நாங்கள் கூறுவது வினைச்சொல் வாய்பாட்டை அன்று. அந்நாட்டின் இன்றைய சமுதாயத்தையும் சேர்த்துப் படிப்பது. புரட்சி செய்த நாடு என்று வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். அந்நாட்டில் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தது 1945இல்தான்! சென்னை மாகாணத்தில் 1921லேயே, சொத்துத் தகுதி உடையவர்களுக்கு மட்டுமேயாயினும், பெண்களுக்கு வாக்குரிமை வந்துவிட்டது. மணமான பிரெஞ்சுப் பெண், கணவன் இசைவின்றி வேலைக்குச் செல்லவும் தன் பெயரில் வங்கிக் கணக்கு வைக்கவும் சட்டம் இடம் தந்தது 1965இல். இதைக் கேட்டபோது எங்கள் வகுப்பே நம்ப மறுத்தது.

2004ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அங்குள்ள அரசுப் பள்ளிகளில் மாணவர்கள் பளிச்சென்று தெரியும் சமயச் சின்னங்களை அணியக் கூடாது என்கிறது. கழுத்தில் தொங்கும் சிறு சிலுவைக்குத் தடையில்லை. முக்காட்டுக்குத் தடை உண்டு. எங்கள் வகுப்பில் ஒரே பெஞ்சில் திருநீறும் சிலுவைச் சங்கிலியும் முக்காடும் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. அச்சட்டம் நியாயமா என்று மதிய உணவு வேளையில் வாதிட்டோம். மணி அடித்தும் முடியவில்லை. எங்களுள் பெரும்பாலோர்க்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனால் அவர்கள் ஏன் அப்படி எண்ணுகிறார்கள் என்பதை 1905ஆம் ஆண்டு அரசையும் திருச்சபையையும் பிரித்த சட்டத்திலிருந்து தொடங்கிப் படித்தாலன்றி நேர்மையாக வாதிட முடியாது என்பதை ஒப்புக்கொண்டோம். பாரிஸின் லா ஷப்பேல் பகுதியில் தமிழ்க் கடைகள் நிறைந்திருக்கின்றன. ஈழத்திலிருந்து சென்றவர்களின் பிள்ளைகள் அங்கே பள்ளிக்குப் போகிறார்கள். எனவே இது யாரோ வெள்ளைக்காரர் வீட்டு வழக்கும் அன்று.

இனி, தந்தையர் கேட்கும் கேள்வி: “வேலை கிடைக்குமா?” கிடைக்கும் என்று உறுதி கூற நாங்கள் யார்? ஆசிரியப் பணி உண்டு, மொழிபெயர்ப்பு உண்டு, பிரெஞ்சுக் கடிதங்களைக் கையாளும் அலுவலகங்கள் சென்னையில் உண்டு. பொறியியல் படித்த அண்ணன்மார் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறார்கள் என்பதையும் தந்தையரே அறிவர். பிரான்சுப் பல்கலைக்கழகங்களில் சேர விரும்புவோர் பொதுவாகப் ‘பி2’ என்னும் நிலைத் தேர்வில் தேற வேண்டும். ஆறு நிலைகளில் அது நான்காவது. சொந்தமாகப் பேசி, எழுதி, வாதிட வேண்டிய தேர்வு. மனப்பாடம் அங்கே செல்லாது.

அதற்குக் கடல் கடக்கவும் வேண்டியதில்லை. 1985இல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு முதுகலை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. இங்கிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் பேருந்தில் சென்றால் காலையில் ஏறி மதியச் சாப்பாட்டுக்குப் புதுச்சேரியில் இறங்கிவிடலாம். (அந்தச் செஞ்சிக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் 1750இல் பிடித்தனர், நம் ஊரையும் 1757இல் பிடித்தனர். அவர்கள் வந்த வழியே நாம் போகிறோம்!) விடுதிக் கட்டணமும், பெண்ணைத் தனியே அனுப்பும் தயக்கமுமே உண்மையான தடைகள்.

அப்படிப் படித்துத் திரும்புகிறவள் ஒரு வேலையை மட்டும் மறக்கலாகாது. வெ. ஸ்ரீராம், ச. மதனகல்யாணி ஆகியோர் பிரெஞ்சிலிருந்து நேரே தமிழாக்கிய ‘குட்டி இளவரசன்’ 1981இல் வெளிவந்தது. கதைகள் இவ்வாறு வந்த அளவுக்கு, நம்மைப் பற்றிய ஆய்வு நூல்கள் தமிழுக்கு வரவில்லை. மேற்சொன்ன ‘நகரம்’ தொகுதியை நம் ஊர்ப் பெண் ஒருத்தி தமிழாக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

புதுச்சேரியில் பெண் கல்விக்கென்று 1844இல் கன்னியர் சபை ஒன்றைத் தோற்றுவித்த லூயி சவினியன் துபுயி அடிகளார், மூசே அடிகளாருடன் சேர்ந்து தமிழ்–பிரெஞ்சு அகராதியும் தொகுத்தவர். பெண்களுக்குப் பள்ளி, மொழிக்கு அகராதி என்று இரண்டையும் ஒரே மனிதர் செய்திருக்கிறார். எங்கள் நூலகத்தில் இன்று பிரெஞ்சு அகராதி ஒன்றுகூட இல்லை. அக்காள் இப்போது ஞாயிறுதோறும் முதல் பாடத்திலிருந்து மறுபடியும் படிக்கிறாள். நாங்கள் நால்வரும் உடன் அமர்கிறோம். பெற்றோர், பழைய மாணவியர் எவரிடமேனும் பயன்படுத்தாத பிரெஞ்சு அகராதி, பழையதாயினும், இருக்குமானால் நூலகப் பொறுப்பாசிரியையிடம் சேர்ப்பிக்கும்படி வேண்டுகிறோம்.