ஒட்டுமொத்த சமுதாயத்தையும் இழிவாகப் பேசினால் அவதூறு வழக்கு நிற்குமா?

தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் முஸ்லிம்கள் அனைவரையும் சேர்த்து இழிவாகப் பேசுகிறார். சில நிமிடங்களில் அந்தக் காணொளி நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்துவிடுகிறது. கூடவே ஒரு கோரிக்கையும் வருகிறது: "இவர் மீது அவதூறு வழக்குப் போட வேண்டும்!"

கோபம் நியாயமானதுதான். ஆனால் வழக்கு நிற்குமா? அதற்கான விடை, அவதூறுச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு சொல்லில் இருக்கிறது.

இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-வது பிரிவில் இருந்த அவதூறுக் குற்றம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் உள்ளது. தனிநபரை மட்டுமல்ல, ஒரு நிறுவனத்தையோ சங்கத்தையோ 'நபர்களின் தொகுப்பை'யோ பற்றிப் பழி சொல்வதும் அவதூறாகலாம் என்கிறது இதன் 2-வது விளக்கம். நம் சமுதாயமும் ஒரு தொகுப்புதானே என்று நமக்குத் தோன்றும். நீதிமன்றங்கள் அப்படிப் பார்ப்பதில்லை.

1971-ல் சேலத்தில் நடந்த திராவிடர் கழக மாநாட்டின் தீர்மானத்தைத் திரித்து வெளியிட்டதாகப் பத்திரிகைகள் மீது வரவேற்புக் குழுத் தலைவர் வழக்குத் தொடுத்தார். மாநாட்டில் திரண்டவர்கள் அடையாளம் காணக்கூடிய, வரையறுக்கப்பட்ட குழு அல்ல என்று கூறி, 1972-ல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ஏற்க மறுத்தது.

திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி நடிகை குஷ்பு 2005-ல் தெரிவித்த கருத்துக்காக 23 புகார்கள் தொடரப்பட்டன. தமிழ்ப் பெண்களையே இழிவுபடுத்திவிட்டார் என்பது குற்றச்சாட்டு. 2010-ல் உச்ச நீதிமன்றம் அனைத்தையும் ரத்து செய்தது. அவர் குறிப்பிட்ட எந்தக் குழுவையும் தாக்கவில்லை என்பது அதற்கான காரணங்களில் ஒன்று.

கோடிக்கணக்கானோர் கொண்ட ஒரு சமுதாயத்துக்கும் இதே அளவுகோல்தான். இந்த வரம்பு நமக்கும் பாதுகாப்பு என்பதை மறக்க வேண்டாம். இது இல்லையென்றால், நம் எழுத்தாளர்கள் சொல்லும் பொதுவான விமர்சனத்துக்கும் ஊருக்கு ஊர் வழக்குப் போட்டு அலைக்கழிக்க முடியும்.

அப்படியானால் சமுதாயத்தையே பழிப்பவர்களைச் சட்டம் விட்டுவிடுகிறதா? இல்லை. 2020-ல் கொரோனா பரவலுக்கு தப்லீக் ஜமாஅத்தினர் மீது பழி போடப்பட்டதன் வலி நமக்குத் தெரியும். மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, அதே ஆண்டு ஆகஸ்டில் வெளிநாட்டு தப்லீக் உறுப்பினர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்தபோது ஊடகங்களின் பிரச்சாரத்தையும் கண்டித்தது.

மதத்தின் பெயரால் பகைமையைத் தூண்டினால் 196-வது பிரிவு, மத உணர்வுகளை வேண்டுமென்றே புண்படுத்தினால் 299-வது பிரிவு என்று தனிக் குற்றங்கள் உள்ளன. அவதூறுக்குப் பாதிக்கப்பட்டவரே நீதிமன்றம் செல்ல வேண்டும். இவற்றில் காவல்துறையே முதல் தகவல் அறிக்கை பதிய முடியும். வெறுப்புப் பேச்சுக்குப் புகார் வராவிட்டாலும் வழக்குப் பதிய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஆனால் இந்தப் பிரிவுகளில் நீதிமன்ற விசாரணைக்கு அரசின் அனுமதி தேவை. பல புகார்கள் தேங்கிவிடும் இடம் அதுதான். நம் அமைப்புகள் தொடர்ந்து அழுத்தம் தர வேண்டிய இடமும் அதுவே.

அதே நேரம், பேச்சு ஒரு குறிப்பிட்ட ஊரின் ஜமாஅத் நிர்வாகிகளையோ, பெயர் சொல்லி ஒரு மதரஸாவையோ, அறக்கட்டளையையோ குறிவைத்தால் 356-வது பிரிவு நமக்குக் கைகொடுக்கும்.

எனவே காணொளியைப் பகிர்வதற்கு முன் அதை முழுமையாகச் சேமித்து, இணைப்பையும் தேதியையும் குறித்துவைப்போம். பிறகு ஒரு கேள்வியுடன் வழக்கறிஞரிடம் செல்வோம்: "இதில் பழிக்கப்பட்டவர்கள் இன்னார் என்று சுட்டிக்காட்ட முடியுமா?" முடியும் என்றால் அவதூறு வழக்கு. முடியாது என்றால் வெறுப்புப் பேச்சுப் புகார். வழி மாறினால் வழக்கு தள்ளுபடியாகும். பேசியவரோ அதையே தன் வெற்றியாகக் கொண்டாடுவார்.