பீரோவுக்குள் இருந்த ஜீனோ

கோடை விடுமுறைக்குப் போளூர் வந்திருந்த பேத்தி, பத்து நாளும் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகமும் கையுமாகவே இருந்தாள். அட்டையில் நெருப்பு கக்கும் டிராகன். இந்த வருஷம் அவளுக்குப் பத்தாம் வகுப்பு. ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டாள்: "தாத்தா, இந்த மாதிரி தமிழ்ல ஒண்ணும் இல்லையா?"

"ஏன் இல்லாம?" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன், எதை எடுத்துக் கொடுப்பது?

நம் நூலகங்களையும் புத்தகக் கடைகளையும் கவனித்துப் பாருங்கள். சிறுவர் பகுதியில் காக்கா, நரி, நீதிக்கதை. அதைத் தாண்டினால் போட்டித் தேர்வு வழிகாட்டிகள். பிறகு பெரியவர்களின் நாவல்கள். பதின்மூன்று வயதிலிருந்து பதினெட்டு வரை உள்ள பிள்ளைக்கு என்று ஒரு தட்டு கிடையாது. ஊரும் வீடும் பள்ளிக்கூடமும் முதல்முறையாக உறுத்தத் தொடங்கும் வயது அது. அந்த வயதில் தமிழை விட்டுப் போகிற பிள்ளை பிறகு திரும்பி வருவதில்லை. இது என் அபிப்பிராயம். ஆதாரம் என் வீட்டிலேயே இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். தமிழை எழுத்துக்கூட்டிக் கற்றது வீட்டில், அம்புலிமாமாவை வைத்துக்கொண்டு. பள்ளியில் பதினைந்து வயதில் எங்கள் கையில் கிடைத்தது அலென் ஃபூர்னியே எழுதிய 'லெ கிராண் மோன்'. 1913-இல் வந்த நாவல். வழி தவறிப் போன ஒரு மாணவன் காட்டுக்கு நடுவே ஒரு பழைய மாளிகையில் விசித்திரமான திருவிழாவைப் பார்க்கிறான். ஊர் திரும்பிய பிறகு அந்த வழியை அவனால் கண்டுபிடிக்க முடிவதில்லை. அவ்வளவுதான் கதை. பள்ளிக்கூடமும் உண்மை, மாளிகையும் உண்மை மாதிரி இருக்கும். எழுதியவர் அடுத்த வருஷமே, 1914 செப்டம்பரில், முதல் உலகப் போரில் இறந்து போனார். வயது 27. புதுச்சேரிக் கடற்கரையில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். அது சிறுவர் கதையா பெரியவர் கதையா என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சரி, தமிழுக்கு வருகிறேன். பேத்திக்காகத் தேடப் போய் இந்த இரண்டு மாதத்தில் நானே சிலவற்றைப் படித்தேன். இரா. நடராசனின் 'ஆயிஷா' சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் முடிந்துவிட்டது. ஓயாமல் கேள்வி கேட்கும் ஒரு பள்ளி மாணவி. பதிலுக்கு அவளுக்குக் கிடைப்பதெல்லாம் பிரம்படி. படித்து முடித்து வெகுநேரம் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யில் பண்ணையத்துக்கு ஆடு மேய்க்க விடப்பட்ட பையன்கள். வெயில், பசி, விளையாட்டு, பயம் எல்லாம் உண்டு. இதை இளையோர் நாவல் என்று யாரும் முத்திரை குத்தவில்லை. ஆனால் கூளையனின் வயதில் இருக்கும் ஒரு பிள்ளை படித்தால் என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்ளும்.

மிகுபுனைவு என்று இப்போது ஒரு சொல் இருக்கிறது. விக்கிரமாதித்தனும் வேதாளமும் வேறென்ன? நமக்குப் புதிதில்லை. ஆனால் பெரியவர்கள் படித்தால் மட்டும் கிழவனுக்கு வேலையில்லை என்கிறார்கள்.

வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேராக மொழிபெயர்த்து க்ரியா வெளியிட்ட 'குட்டி இளவரசன்' புத்தகத்தை மறுபடி எடுத்தேன். மூலத்தை ஒரு பக்கம், தமிழை ஒரு பக்கம் வைத்துப் படிப்பது என் மாதிரி ஆட்களுக்கு ஒரு சுகம். குட்டி இளவரசனின் வீடு 'பி 612' என்ற சிறுகோள். படிக்கும்போது தோன்றியது: நம் ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்திலிருந்து, 1988-இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். எண் 4130, பெயர் ராமானுஜன். மலையில் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் பெண்பிள்ளை அந்தச் சிறுகோளுக்குப் போய்ச் சேருகிற மாதிரி ஒருவர் எழுதினால் என்ன? சாமை, பலாப்பழம், தேன் எல்லாம் கட்டிக்கொண்டு போகட்டுமே. எனக்கு எழுத வராது. குறிப்பாணை எழுதிப் பழகிய கை இது.

கடைசியாக, சொல்ல வேண்டிய விஷயம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது நினைவிருக்கும். 2021-இல் நடப்பதாக எழுதிய கதை. அந்த வருஷம் வந்தும் போய்விட்டது. அதில் ஜீனோ என்று ஒரு இயந்திர நாய். பேசும், யோசிக்கும். என் மகள் பத்தாவது படித்தபோது சிநேகிதி வீட்டிலிருந்து அந்தத் தொடரின் பைண்டிங்கை வாங்கி வந்து, கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தாள். பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். பரீட்சை முடிந்ததும் தருவதாகச் சொன்னேன். தரவில்லை, மறந்துவிட்டேன். அவள் கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு அவள் கையில் தமிழ்க் கதைப் புத்தகம் எதையும் நான் பார்த்ததில்லை.

போன வாரம் பீரோவை ஒழித்தபோது அடித்தட்டில், பழைய சம்பளச் சீட்டுகளுக்குக் கீழே, அந்த பைண்டிங் கிடந்தது. இரண்டே நாளில் படித்து முடித்தேன். அடடா, எப்பேர்ப்பட்ட வேகம்! மகளுக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ஜீனோவாப்பா? நிலா தனியா மாட்டிக்கிட்ட இடத்துல நிறுத்தினேன்."

"பாப்பாவுக்கு அனுப்பட்டுமா?"

"ஐயோ, இப்ப வேண்டாம்ப்பா. அவளுக்கு பத்தாவது. பரீட்சை முடியட்டும்."

மறுநாள் காலை, பேத்தியின் பேரைப் போட்டு, கூரியரில் அனுப்பிவிட்டேன்.