ஓமத்தண்ணீருக்கு அடங்காத வயிறு

வாலாஜாபேட்டைப் பக்கம் டேனரிக் காவலுக்கும் வீட்டுக் காவலுக்கும் பெரிய நாய் வளர்ப்பவர்களிடம், நாய்க்கு வயிறு உப்பியிருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். “வெறும் கேஸ்தாங்க. ஓமத்தண்ணி ஊத்துங்க, ரெண்டு ரவுண்டு நடக்க விடுங்க, காலையில சரியாயிடும்” என்பார்கள். இந்த யோசனையால் நாய்கள் சாகின்றன.

இது மாட்டுக் கொட்டகையில் பிறந்த நம்பிக்கை. பசுந்தீவனத்தை மிஞ்சித் தின்ற மாட்டுக்கு எண்ணெய் புகட்டினால் வயிற்றுக்குள் நுரை உடைந்து, வாயு ஏப்பமாக வெளியேறும். அது சரியான வைத்தியம்தான். நாய்க்கு நடப்பது வேறு. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு, டாபர்மேன் போல மார்புக்கூடு ஆழமான நாய்களின் இரைப்பை காற்றால் ஊதி, அப்படியே திருகிக்கொள்ளும். முறுக்கிய துணிப்பை போல இரு பக்கமும் அடைத்துவிடும். ஏப்பம் வராது. ஊற்றிய ஓமத்தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் மூச்சுக்குழாய்க்குள் போகலாம்.

“வாந்தி எடுத்தா சரியாயிடும்” என்று காத்திருப்பவர்களும் உண்டு. குமட்டிக் குமட்டி எச்சிலும் நுரையும் மட்டுமே வருவதுதான் முதல் எச்சரிக்கை. நாய் படுக்கும், எழும், நிலைகொள்ளாமல் திரியும், தன் விலாவையே திரும்பித் திரும்பிப் பார்க்கும். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்தே கிடந்தால் ரத்த ஓட்டம் குலைந்துவிட்டது என்று பொருள். வயிறு பெரிதாகத் தெரியவில்லையே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது; வீங்கிய இரைப்பை விலா எலும்புகளுக்குள்ளேயே மறைந்திருக்கலாம்.

காலை வரை பொறுக்கலாம் என்பதுதான் இவற்றில் மிகக் கொடியது. ஊதிய இரைப்பை, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருநாளத்தை நசுக்குகிறது. இரைப்பைச் சுவர் ரத்தமில்லாமல் அழுகத் தொடங்குகிறது. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ராணிப்பேட்டையிலோ வேலூரிலோ இரவில் எந்த மருத்துவர் வருவார், எக்ஸ்ரேயும் அறுவை சிகிச்சையும் எங்கே உண்டு என்று நாய் நன்றாக இருக்கும்போதே விசாரித்து, எண்ணைக் குறித்து வையுங்கள். அறிகுறி தெரிந்தால் போன் செய்துகொண்டே வண்டியை எடுங்கள்.

அருகிலுள்ள மருத்துவர் குழாயோ ஊசியோ போட்டுக் காற்றை இறக்கி, டிரிப்ஸ் ஏற்றினால் பெரிய உதவி. ஆனால் “காத்து இறங்கிடுச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்” என்று திரும்பிவிடக் கூடாது. திருகல் அப்படியே இருக்கும். வயிற்றைத் திறந்து அதை நேராக்கி, இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைக்க வேண்டும். தைக்காமல் விட்ட நாய்களில் பாதிக்கு மேல் மறுபடி திருகல் வருகிறது. தைத்தவற்றில் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை.

உயரமான ஸ்டாண்டில் தட்டை வைத்தால் இந்தத் திருகல் வராது என்று சொல்லி அதையும் விற்கிறார்கள். 2000-ல் வெளியான அமெரிக்கப் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வு, பெரிய இன நாய்கள் 1,600-க்கு மேல் எடுத்துக் கவனித்தது. உயரத்தில் வைத்த தட்டில் தின்ற நாய்களுக்கு ஆபத்து கூடியதாகத்தான் அதில் தெரிந்தது. அவசரமாக விழுங்குவதும், பெற்றோருக்கோ உடன்பிறந்த குட்டிக்கோ இது வந்திருப்பதும் அந்த ஆய்வு சொன்ன ஆபத்துக் காரணங்களில் உண்டு. ஒரே வேளையில் மலைபோல் சோறு வைக்காமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள். கிரேட் டேன் வளர்ப்பவர்கள், கருத்தடை அறுவையின்போதே இரைப்பையையும் தைத்துவிட முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.