பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமை

பழைய மாணவராகிய நம்மிற் பலர் இன்று தந்தையராய் விட்டோம். ஆதலின் ஒரு வீட்டு விடயத்தை இம்மலரில் எழுதத் துணிகின்றேன்.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையால் வறிய பிள்ளைகட்கு உதவிப்பணமும் பெரிய பாடசாலைகளில் இடமும் கிடைக்கின்றன; அதன் பயனை நான் மறுப்பவனல்லன். ஆயின், பத்து வயதுப் பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமையையும் ரியூட்டரிக்கு ஒப்புக்கொடுத்தல் வேண்டுமோ? எம் வீட்டில், வேண்டாம் என முடிவு செய்தோம்.

சென்ற மாதம் குறிகட்டுவானில் வள்ளமேறி நெடுந்தீவு சென்றோம். கட்டாக்காலிக் குதிரைகளையும், ஆள் நுழையத்தக்க பொந்துடைய பெருக்குமரத்தையும் கண்டோம். சாந்தின்றி அடுக்கிய பவளக்கல் மதில் காற்றுக்கு விழாதது ஏன் என்று மகள் கேட்டாள். ஆங்கிருந்த முதியவர் ஒருவர் கல்லொன்றைப் புரட்டி, மற்றதன் பள்ளத்திற் பொருந்துமாறு வைத்துக் காட்டினார். அவள் தானும் நான்கு கல் அடுக்கினாள், மூன்று விழுந்தன. அன்று முழுவதும் அவள் கைத்தொலைபேசியைக் கேட்கவில்லை. (இஃது என் மனைவியார் கவனித்தது.)

வீடு திரும்பியதும், "கண்டவற்றைக் கட்டுரையாய் எழுது" என்று கொப்பியை நீட்டுந் தந்தையரும் நம்மிடை உளர். உலாவையும் பாடமாக்குதல் எனக்கு உடன்பாடன்று. விரும்பினாற் பிள்ளை அம்மம்மாவுக்குச் சொல்லும், இன்றேல் விட்டுவிடலாம்.

புள்ளிகள் வெட்டுப்புள்ளிக்குக் கீழே போய்விடுமே என அஞ்சுவோர் உளர். போகலாம். அதற்காக ஆண்டின் 52 ஞாயிறுகளையுங் கொடுப்பது மிகை விலை.

வருகிற ஞாயிறு கீரிமலைக் கேணிக்குச் செல்ல எண்ணியுள்ளோம். அயல்வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் உடன் அனுப்புமாறு கேட்டிருக்கின்றோம். அவர்தம் பெற்றோர் இன்னும் விடை கூறவில்லை.