பழுதறியப் பழகுவோம்

வீட்டுக் கணிப்பொறி திடீரென்று நின்றுவிட்டால் நம்மில் பலர் செய்வது என்ன? "அண்ணன் வரட்டும்" என்று காத்திருக்கிறோம். இல்லையேல் கடைக்குக் கொண்டுபோகச் சொல்கிறோம். தையல் இயந்திரத்தில் நூல் சிக்கினால் தயங்காமல் கைவைக்கும் நாம், கணிப்பொறியின் முன் மட்டும் கைகட்டி நிற்பது ஏன்? இப்பழக்கம் மாறவேண்டும் என்பதே நம் கருத்து.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1946-இல் உலகிற்கு அறிமுகமான 'எனியாக்' கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. அதன் முதல் நிரலாளர்கள் ஆறு பெண்கள். அவர்களுக்குக் கையேடு கிடையாது. இயந்திரத்தின் வரைபடங்களைப் பார்த்தே கற்றனர். பழுதான வால்வு எது என்று கண்டறியும் அளவுக்குத் தேர்ந்தனர். அவர்களுள் கேத்லீன் மெக்நல்டி, பிரான்சஸ் பிலாஸ் இருவரும், புனித சூசையப்பர் சபைக் கன்னியர் நிறுவிய செஸ்ட்நட் ஹில் மகளிர் கல்லூரியில் 1942-இல் கணிதப் பட்டம் பெற்றவர்கள்.

பழுதறிய வேண்டியது உடல் வலிமையன்று, ஒழுங்கு. திரை இருண்டிருந்தால் முதலில் மின்சாரம் வருகிறதா, விசிறி சுழல்கிறதா, திரைக்குச் செல்லும் கம்பி இறுகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்ப்போம். மேசைக் கணிப்பொறி 'பீப்' என்று விட்டுவிட்டு ஒலித்தால், 'ராம்' எனும் நினைவக அட்டை தளர்ந்திருக்கலாம். மின் இணைப்பை நீக்கி, அட்டையைக் கழற்றி, தூசி துடைத்து, மீண்டும் அழுத்திப் பொருத்தினால் பல வேளைகளில் சரியாகிவிடும். விண்டோஸ் அடிக்கடி நின்றுபோனால் 'சேஃப் மோடில்' திறந்து பார்ப்போம். அங்கே ஒழுங்காக இயங்கினால், குற்றம் பெரும்பாலும் புதிதாகச் சேர்த்த மென்பொருளிலோ டிரைவரிலோ இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, அதைக் குறிப்பேட்டில் எழுதிவைப்போம். பலவற்றை ஒருசேர மாற்றினால், சரியான பின்னும் காரணம் தெரியாது.

துணிவுக்கும் எல்லையுண்டு. எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிப் பெட்டியைத் திறக்கவே கூடாது. இணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். ஹார்டு டிஸ்க் 'டக் டக்' என்று ஒலித்தால் உடனே நிறுத்திவிட்டு, தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை. பாடக்குறிப்புகளையும் குடும்பப் படங்களையும் முன்கூட்டியே வேறிடத்தில் நகலெடுத்து வைத்திருந்தால் அப்போதும் கலங்க வேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: "தொடாதே, கெட்டுவிடும்" என்று மகளிடம் மட்டும் சொல்லாதீர்கள். மகனிடம் கொடுக்கும் திருப்புளியை எங்கள் கையிலும் கொடுங்கள். கவனமாகக் கற்பது எங்கள் பொறுப்பு.