அளத்துக் கால்கள்

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்னும் முதுமொழியை மேடைதோறும் எடுத்தாளுகிறோம். உணவிட்டவரை மறவாதே என்பது அதன் பொருள். அவ்வுணவில் இட்ட உப்பை விளைவித்தவரை நாம் நினைப்பதுண்டா? நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுடன் முத்தையாபுரத்து உப்பளங்களின் வழியே சென்ற நாளில் இவ்வினா நம்முள் எழுந்தது.

பாத்தியில் வாருபலகை கொண்டு உப்பை இழுத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரின் பாதங்களைக் கண்டோம். குதிகால்கள் பாளம் பாளமாக வெடித்திருந்தன. விரலிடுக்குகள் வெளுத்துப் புண்பட்டிருந்தன. "மருத்துவரிடம் காட்டினீர்களா, ஆச்சி?" என மாணவர் ஒருவர் வினவினார். "இது அளத்துக் காலு ஐயா, இப்படித்தான் இருக்கும். மழைக்கு அளம் நின்னா தானா ஆறிரும். ஆனா அப்பக் கூலி கிடையாது" என்றார் அவர்.

தோல் நோய் அரியதொன்றன்று. ஐரோப்பாவின் 27 நாடுகளில் 44,000க்கும் மேற்பட்ட வயது வந்தோரிடம் வினவி 2022இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நூற்றுக்கு 43 பேர் கடந்த ஓராண்டில் ஏதேனும் ஒரு தோல் நோய் தமக்கிருந்ததாகக் கூறினர். அவற்றுள் முதலிடம் பெற்றது பூஞ்சைத் தொற்று. குளிர்நாடுகளிலேயே இந்நிலையெனில், வெயிலும் வியர்வையும் ஓயாத நம் கடற்கரையைச் சொல்லவும் வேண்டுமோ?

தூய்மையின்மையே தோல் நோய்க்குக் காரணம் என்று மாணவர்க்கு நாமும் கற்பித்திருக்கிறோம். அது பாதி உண்மையே. செறிந்த உப்புநீர் தோலின் ஈரத்தை உறிஞ்சுகிறது. காய்ந்து தடித்த தோல் வளைய இயலாமல் வெடிக்கிறது. கூரிய உப்புப் பரல்கள் கீற, அக்கீறல் ஆறுமுன் மறுநாள் மீண்டும் உப்புநீர். வெயிலோ வானிலிருந்து மட்டுமன்றி, வெண்ணிற உப்புப் பரப்பிலிருந்தும் எதிரொளித்துத் தாக்குகிறது. சர்க்கரை நோயும் உடையவராயின் சிறு வெடிப்பே காலை இழக்கும் புண்ணாகிவிடக்கூடும். வேலை முடிந்ததும் நன்னீரில் கழுவி எண்ணெய் தடவினாலே பெரும்பகுதி தணியும். ஆனால் குடிநீரையே வீட்டிலிருந்து சுமந்து வருவோர் கால் கழுவ எதைக் கொண்டு வருவர்? நோயாளியிடம் அவரது தொழிலையும் கேட்டறிக என்று, தொழில்வழி நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டிலேயே நூலெழுதிய இத்தாலிய மருத்துவர் ராமாட்சினி வலியுறுத்தினார். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' புதினத்தை வகுப்பறையில் சிலாகிக்கும் நாமோ, அக்களத்து மாந்தரின் கால்களை இதுவரை குனிந்து பார்த்ததில்லை.

இன்னொரு கேடும் உண்டு. படர்தாமரை கண்டால் பலர் முதலில் நாடுவது மருந்துக்கடையையே. அங்கே கிடைக்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் வீரியமிக்க ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டே நாளில் அரிப்பு அடங்குகிறது. 'கைகண்ட மருந்து' எனப் பெயரும் பெற்றுவிடுகிறது. அடங்கியது அரிப்பேயன்றி நோயன்று. பூஞ்சை உள்ளே பரவுகிறது, தோல் மெலிகிறது, களிம்பை நிறுத்தியதும் முன்னிலும் மூர்க்கமாக நோய் திரும்புகிறது. ஒரே குழாயை வீட்டார் அனைவரும் பூசிக்கொள்வதும் நடக்கிறது. மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளின் பட்டியலில் இத்தகைய ஸ்டீராய்டுகள் பதினான்கை நடுவணரசு 2018இல் சேர்த்தது. ஆயினும், அரசு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவுக்குக் காலையில் சென்றால் அன்றைய கூலி போயிற்று. மருந்துக்கடையோ இரவிலும் திறந்திருக்கிறது. அறியாமை என்று இதனைப் பழிப்பது எளிது. நாம் அவ்வாறு பழிக்கத் துணியோம்.

இம்மலரைப் படிக்கும் பெரியோர்களுள் அளம் உடையோரும் மருந்துக்கடை நடத்துவோரும் இருக்கக்கூடும். அவர்களிடமே கேட்கிறோம். தட்டுமேட்டில் ஒரு நன்னீர்த் தொட்டி அமைக்கலாகாதா? காலணி வழங்குவோர் உப்புநீர் உட்புகாத உயரத்தில் வழங்க வேண்டும். புகுந்து தேங்கினால் வெறுங்காலினும் கேடு மிகும். சீட்டில்லாதவர்க்குக் களிம்பை மறுக்கும் கடைக்காரர், தோல் மருத்துவரிடம் செல்லும்படி இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பட்டும். உப்பு வாரும் பருவத்தில், திங்களுக்கு ஒரு மாலை, அளத்தருகிலேயே தோல் மருத்துவ முகாம் நடத்த நம் மாணவர்கள் ஆயத்தமாக உள்ளனர். மருத்துவரை அழைத்து வரும் பொறுப்பைப் பெரியோர் ஏற்க வேண்டுகிறோம்.